இரண்டங்குலக் கடல்

மார்ச் 3

என் வாயாடி மருமகளுக்கு, மாமா ஆசியுடன் எழுதுவது.

உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைத் தையல் மிஷின் மேல் கைவைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், கேள். நீயும் மாப்பிள்ளையும் மத்தியதரைக் கடல் பக்கம் விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றதும் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிவிட்டது. அந்தக் கடலில் எனக்கு அறிமுகமில்லாத மீன் கிடையாது. ஒரு தீவில் பூனை ஒன்று என் தட்டிலிருந்த மீனைத் தின்றுவிட்டு, முள்ளை மட்டும் மரியாதையாகத் திருப்பி வைத்தது. அடுத்த தீவின் ராஜா நான் தைத்த கால்சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதி நாட்டை எழுதித் தருகிறேன் என்றார். கடையைப் பூட்டாமல் வந்தது ஞாபகம் வந்ததால் திரும்பிவிட்டேன். அவர் எப்போது ஆள் அனுப்புவாரோ என்று என் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராகவே கிடக்கிறது.

என் சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தில் சாக்பீஸால் வழி போட்டிருக்கிறேன். தீவுக்குத் தீவு வெறும் இரண்டங்குலம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஏழு கடலுக்கும் தளபதி,
உன் மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். இவருக்கு மட்டும் ஓயாத தும்மல், எல்லாம் உங்கள் புத்தகத் தூசி.

நீங்கள் சொன்னபடியே ஒரு நாளைக்கு மூன்று தீவு என்று திட்டம் போட்டு டிராவல்ஸ்காரம்மாவிடம் நீட்டினோம். "இதைப் போட்டவர் கப்பல்ல போனாரா, மேஜை மேல போனாரா?" என்று கேட்டார். உங்கள் இரண்டங்குலத்தைக் கடக்கக் கப்பலுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். உங்கள் பூனை நாற்பதாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ராஜா சிலையாக நிற்கிறார். கால்சட்டை இல்லை.

நீங்கள் அங்கே போனதே இல்லை, அப்படித்தானே? கோபமெல்லாம் இல்லை மாமா. இவர்தான் முதலில் சொன்னார்: "அவரையும் கூட்டிட்டுப் போவோம். அங்க போய்ப் பொய் சொல்ல ஆள் வேணாமா?" மூன்றாவதாக ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறோம். மாதக் கடைசிக்குள் உங்கள் பெயரைச் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கதை வேண்டாம். வருகிறீர்களா, இல்லையா?

உங்கள் வாயாடி

மார்ச் 26

என் அருமை மருமகளுக்கு,

ராஜாவின் கால்சட்டை துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சிலை வடித்துவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் கிளம்பிவிட்டால் நாலு ஊர் ஜனங்கள் உடுக்கத் துணியில்லாமல் தெருவில் நிற்பார்களே என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்து கிழித்துப் போட்டேன். இத்தனை வருஷமாக இதைச் சொல்லித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

சரி, கேட்டுக்கொள். பூனை பொய். ராஜா பொய். எனக்கு அறிமுகமான மீன்களெல்லாம் மார்க்கெட்டில் செத்துக் கிடப்பவை. கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டி மட்டும் நிஜம். 'வெயிலுக்கு வெள்ளைப் பருத்தி உடை நல்லது' என்று அந்தப் புத்தகத்தில் படித்த அன்றே எனக்கொரு கால்சட்டை தைத்து அதில் வைத்தேன். நேற்று எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் இரண்டங்குலம் போதவில்லை.

பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். டிராவல்ஸ்காரம்மாவிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே சொல்லிவிடு: அவர் சொன்னது சரிதான், இந்த இரண்டங்குலமும் ஒரு ராத்திரி வேலைதான்.

உன் மாமா