முன் வண்டி எரிந்தால்

12, செவ்வாய்

வெயில். கொடியில் போட்ட துணியெல்லாம் நிலக்கரித் தூசி. இந்த டைரி, வங்கித் தேர்வுக்குக் குறிப்பெடுக்க அண்ணன் வாங்கிக் கொடுத்தது. இதில் சொந்தக் கதை எழுதுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு இடமில்லை.

தேவா அண்ணன் உயிரோடு இருக்கிறான். முதலில் அது.

நேற்று, வெளிநாட்டில் அவன் ஓட்டும் நிவாரண லாரிகளுக்குச் சாலையில் வைத்த குண்டு வெடித்திருக்கிறது. மாவு, மருந்து ஏற்றிய வண்டிகள். முதல் வண்டி எரிந்திருக்கிறது. இரண்டாவதில் இருந்த இவன் இறங்கி அதை நோக்கி ஓடியிருக்கிறான். அப்போது இன்னொரு குண்டு. காப்பாற்ற வருகிறவர்களுக்கென்றே வைத்தது. இடது கையில் பதினோரு தையல்.

அவனுடைய நிவாரண அமைப்பின் மெயில் எனக்குத்தான் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிப்பவள் நான் ஒருத்தி. 'வருந்தத்தக்க பாதுகாப்புச் சம்பவம்' என்று போட்டிருந்தார்கள். குண்டு என்று எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

13, புதன்

குழாயடி. பக்கத்து வீட்டு மேரி அக்கா.

"இன்னாடி, உங்கண்ணன் மிலிட்டரில சேந்துட்டானாமே?"

"இல்லக்கா. மாவு லாரி ஓட்றான்."

"மாவு லாரிக்கு இன்னாத்துக்குடி குண்டு வெக்கிறானுங்கோ?"

அந்த நாட்டை வேறொரு நாட்டுப் பட்டாளம் பிடித்து வைத்திருக்கிறது. பட்டாளத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாவு நகராது. சீட்டு வாங்கினால், பட்டாளத்தின் ஆள் என்று அதை எதிர்க்கிறவர்களின் குண்டு. இதைக் குழாயடியில் எப்படிச் சொல்ல. குடம் நிரம்பியது, வந்துவிட்டேன்.

அம்மா டிவி சேனலை மாற்றிக்கொண்டே, "அந்தப் பட்டாளம் புடிச்ச ஊரு பேரு இன்னா?" இன்றைக்கு மட்டும் ஆறு முறை.

14, வியாழன்

தலைவலி. ஆபீசில் இரண்டு கண்டெய்னர் எண்களைத் தப்பாக அடித்தேன். திட்டு.

இரண்டாவது மெயில். அண்ணன் விதியை மீறினானாம். ஒரு வண்டி அடிபட்டால் மற்றவை நிற்கக் கூடாது, விலகிப் போய்விட வேண்டும். இனி இறங்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் திங்கள்கிழமை மறுபடி வண்டி கொடுப்பார்கள். இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"முன்னாடி வண்டி நின்னா எறங்கிப் பாக்காதவன் இன்னா டிரைவரு? எண்ணூர் ரோட்டுல பின்னாடி வந்தவன் வண்டிய ஓட்டிகினு பூட்டிருந்தா, நான் இன்னிக்கி படமா தொங்கிகினு இருப்பேன்."

அந்த ரோட்டில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரி வரிசையில் அப்பாவின் டிரெய்லர் தீப்பிடித்தபோது, பின்வண்டிக்காரர் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தார். யாரென்று இன்றுவரை தெரியாது. வரிசையில் அப்படித்தான், முன் வண்டி நின்றால் பின்வண்டிக்காரர் இறங்குவார். அண்ணன் கிளட்ச் மிதிக்கும் முன்பே கற்றது அது.

"நீ பெருமப்பட்டுகினே இரு. போறது எம் புள்ள கையி," என்றாள் அம்மா. அவள் கையிலிருந்த தட்டு பறந்தது.

15, வெள்ளி

மழை மிரட்டிவிட்டுப் போய்விட்டது. கெமிக்கல் நாற்றம் வீட்டுக்குள்.

அண்ணன் போன். ஸ்பீக்கரில் போட்டாள் அம்மா. சிரிக்கிறான். "கை ஒட்டிகினுதான் கீது, அழாதம்மா." அவன் இழுத்துப்போட்ட முன்வண்டி டிரைவர் பிழைத்துவிட்டாராம். மூன்று பெண் பிள்ளைகள். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொடுத்தனுப்பினாளாம்.

"டிக்கெட் வாங்கிகினு வந்துட்றா."

"மருந்த யாரு எட்துகினு போவாங்க? கையெழுத்துப் போட்டுட்டேம்மா. திங்கக்கெழம வண்டி." பிறகு, "நைனா, போட்டுட்டேன், ஆனா எறங்காம எப்டிப் போறது? நீயே சொல்லு."

இரண்டு நாளாகக் கத்திய அப்பா போனைக் கையில் வாங்கினார். "பாத்து ஓட்றா," என்று மட்டும் சொன்னார்.

போன் என் கைக்கு வந்தது. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டேன். நான் படித்து என்ன பயன்?

16, சனி

மத்தியானம். அப்பா படுத்திருக்கிறார். லுங்கிக்குக் கீழே தீ தின்ற கால். அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அண்ணனுக்குப் போனில் டைப் செய்தேன். மூன்று முறை அழித்தேன். இன்னும் அனுப்பவில்லை.

அண்ணா, முன்னாடி வண்டி எரிஞ்சா எறங்காத. உள்ள இருந்து ஆள் கத்தினாலும் எறங்காத. ஓட்டிகினு போயிடு. நான் இப்படிக் கேட்டேன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லாத.