பாரம் குறைந்த குதிரை

ரங்கூன்

பிரியமுள்ள மக்தலேனாவுக்கு, கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் இருமல் தேவலையா?

உன் தம்பி ஏசுரத்தினம் செய்த கூத்தைக் கேள். தடை தாண்டும் பந்தயத்தில் கெட்டிக்காரக் குதிரைக்குப் பாரம் அதிகம் ஏற்றுவார்கள். பாரம் குறைந்த குதிரைமேல் பந்தயம் கட்டச் சொல்லி இன்சீன் ரயில் பட்டறை ஆட்கள் இவனிடம் பணம் கொடுத்தார்கள். இவனோ, "அது நோஞ்சான், அத்தான்" என்று என்னிடம் சொல்லி, அத்தனை பணத்தையும் பாரம் கூடிய பெரிய குதிரைமேல் கட்டிவிட்டான். அது கடைசித் தடையில் விழுந்தது. நோஞ்சான் ஜெயித்தது.

அன்றிலிருந்து தம்பி அறைக்கு வரவில்லை. பட்டறை ஆட்கள் தினமும் வந்து வாசலில் நின்றார்கள். சத்தம்கூடப் போடவில்லை. இன்று யாரும் வரவில்லை. இனி வரவேண்டிய அவசியமில்லை என்று கீழ்வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

நீ பயப்படாதே. எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தம்பி அங்கே வந்து சேர்ந்தால் உடனே தந்தி கொடு. தபால்காரர் நிற்கிறார்.

உன் அகஸ்டின்