முதுகில் பலகை கட்டிப் படுத்தவனுக்கு

தோஸ்த்,

நேற்று ஆம்பூர் பஜாரில் ஒரு கார் வேகத்தடை மேல் ஏறி, அடிப்பாகம் கிறீச்சென்று தேய இறங்கியது. தரையோடு தரையாகத் தாழ்த்திய வண்டி. ஓட்டியவன் முகத்தில் ஒரு பெருமை. மருந்துக்கடை வாசலில் நின்றிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியில் இதே சத்தத்தோடும் இதே முகத்தோடும் நீ இதே பஜாரில் போய்க்கொண்டிருந்தாய்.

அந்தப் பழைய பியட்டை நீ வாங்கிய மறுமாதமே முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெடுத்தாய். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, வண்டி இன்னும் தாழ மிச்சத்தைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தினாய். தோல் தொழிற்சாலையில் நீ மிஷின் பிட்டர், நான் அதே கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. மதிய இடைவேளையில் பாதிப் பேர் உன் காரைச் சுற்றித்தான் நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியும், அது மாட்டுவண்டியைவிட மோசமாகத் தூக்கிப்போடும் என்று. சொன்னால், "பாக்க எப்படி கீது, அத்த சொல்லு" என்பாய்.

அந்த வருடம்தான் என் மனைவி எஸ்தர், நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஈரப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் முறிவு. வேலூரில் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபின், மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், அப்படி வந்தால்தான் பழையபடி நடக்க முடியும் என்றார் டாக்டர். வாடகைக்குக் கிடைத்த ஜீப்பில் அவளைத் தூக்கி ஏற்றவே முடியவில்லை. உன் கார் தாழ்ந்திருந்ததால் நகர்த்தி உள்ளே படுக்கவைக்க முடிந்தது. அன்று அதிலும் உனக்குப் பெருமை.

வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இறக்கிப் படுக்கவைத்தபோது உதடு பல்பட்டுக் கிழிந்திருந்தது. ஒன்பது நாள் கழித்து, அடுத்த முறை போவதைப் பற்றிப் பேச நீ வந்தாய். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் வரலண்ணா. நடக்காட்டியும் பரவால்ல, இப்படியே கெடக்கறேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரை வலியோடு எழுப்பி நடக்கவைத்தவள் அவள். அவளே அப்படிச் சொன்னாள்.

நீ எழுந்து போய்விட்டாய். கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே வாசலில் கார் நின்றது. கையில் ஒரு பலகை. அதை உன் முதுகோடு சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னாய். பின்சீட்டில் எஸ்தர் படுத்த மாதிரியே படுத்துக்கொண்டு, மாதனூர் தாண்டி ரோடு உடைந்துகிடக்கும் இடத்துக்கு ஓட்டச் சொன்னாய். முதல் பள்ளத்திலேயே உன் மூச்சு நின்று வந்தது எனக்குக் கேட்டது. வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாத. இன்னொரு வாட்டி போ."

மூன்று முறை போனோம். புளியமரத்தடியில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தபோது உன் கண் கலங்கியிருந்தது. "இதுலயா தங்கச்சி வந்துச்சு? வாயே தொறக்கலியே" என்றாய்.

அடுத்த நிமிடமே நீ காருக்கு அடியில் படுத்துவிட்டாய். அதுவரை ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால்தான் தூக்கிப்போடுகிறது என்று இருவரும் நம்பியிருந்தோம். படுத்துப் பார்த்ததில் உனக்கு வேறொன்று பிடிபட்டது. வண்டி தாழ்ந்துவிட்டதால் அச்சுக்கும் மேலே இருந்த ரப்பர் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் மிச்சம். ஸ்பிரிங் அமுங்குவதற்குள் அச்சு ரப்பரில் போய் இடித்தது. அந்த இடிதான் முதுகில் இறங்கியது.

உயரத்தைப் பழையபடி கூட்டிவிடலாமே என்றேன். கூட்டினால் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், அது இதைவிட வலி என்றாய். "தாழ்வாவே இருக்கட்டும். இடிக்காம பண்றேன்."

ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். வேலை முடிந்ததும் தினமும் நேராகக் காரடிக்குப் போனாய். ரப்பர் கட்டையைப் பாதியாக அறுத்து முனையைக் கூம்பாகச் சீவினாய், இடித்தாலும் மெதுவாக இடிக்கட்டும் என்று. எண்ணெய் ஒழுகிச் செத்துக்கிடந்த ஷாக் அப்சர்பர்களை மாற்றினாய். பின்பக்கப் பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து, நடுவே கிரீஸ் பூசி, கழற்றிய பட்டைக்குப் பதில் மெல்லியதாக ஒன்றைச் சேர்த்தாய். டயரில் காற்றைக் கொஞ்சம் கம்மி செய்தாய். ஒவ்வொன்று முடிந்ததும் பலகையைக் கட்டிக்கொண்டு மாதனூருக்குப் போவோம். ஒரு நாள் இன்னும் மோசமாக இருந்தது. அன்று செய்ததை அப்படியே கழற்றினாய். கடைசி நாள் மூன்றாவது சுற்றில் பின்சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கூரையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு எஸ்தரின் கட்டிலருகே வந்து தரையில் உட்கார்ந்தாய். நீ கெஞ்சவில்லை, வண்டியைப் பற்றிப் பெருமையடிக்கவும் இல்லை.

"நான் படுத்துப் பாத்துட்டேம்மா. ஒரே ஒரு வாட்டி வா. எங்க வலிச்சாலும் சொல்லு, அங்கயே திருப்பிடறேன்."

அவள் சுவரிலிருந்து திரும்பி உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் புடவையை எடுக்கச் சொன்னாள்.

மாதனூர் பள்ளங்களைக் கடந்தோம். நான் அவள் தலைமாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பள்ளிகொண்டா அருகே உனக்குப் பொறுக்கவில்லை. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தாய்.

"இன்னாத்துக்குண்ணா நிறுத்தினீங்க?" என்றாள் அவள்.

"வலிக்குதா?"

"இல்ல. போங்க."

உனக்குக் காரைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆனது.

நான்கு மாதம் உன் காரில் போய்வந்தோம். ஐந்தாம் மாதம் கட்டைப் பிரித்தார்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஆலயத்துக்கு நடந்துதான் போகிறாள். நான் பின்னால் போகிறேன், அவ்வளவு வேகம்.

உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில், ஷூ கம்பெனியில் என்னை மேனேஜராகப் போட்டபோது நீ பக்கத்து ஊர்ப் பெரியபேட்டைக்கு வீடு மாறிவிட்டிருந்தாய். மேல்தோல் தைக்கும் வரிசையில் பெண்கள் முதுகுவலி என்று அடிக்கடி லீவு போடுவார்கள். சோம்பல் என்றார் சூப்பர்வைசர். ஒரு திங்கட்கிழமை காலை, வரிசை நடுவில் காலியாக இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டினார். ஷிப்ட் முடியும்வரை எழவில்லை. சாயங்காலம் நிமிர முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாதமே முதுகு சாயும் நாற்காலிகள் வந்தன. மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னேன்.