இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

புது வண்டிக்குள் ஏறியதும் ஒரு நெடி வருமே, பாலிதீன் உறை பிரிக்காத சீட்டும் ரப்பரும் கலந்து, அது உனக்கு ஆகவே ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, செருப்புக் கடைக்குள்ள குந்திகினு போற மாதிரி கீது" என்பாய். இன்று காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷோரூம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறிய உடனே என் கை கண்ணாடி இறக்கும் பொத்தானைத் தேடியது. "ஏ.சி. ஓடுது மேடம்" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த விற்பனைப் பெண். ஓடட்டும் என்று சொல்லிவிட்டு இறக்கிவிட்டேன்.

நம் பழைய வண்டிக்கு மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அடுத்து வாங்குவது கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று வீட்டில் ஒரே பட்டிமன்றம். "முட்டி வலியை வெச்சிக்கிட்டு கிளட்ச் மிதிக்கப் போறியாம்மா?" என்று பெங்களூரிலிருந்து மகள் போனில் கேட்கிறாள். கியர் போடாமல் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதா என்று என் வீட்டுக்காரர் ஈஸிசேரில் சாய்ந்தபடி தீர்ப்பு சொல்கிறார். இரண்டு பேரும் நல்லதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இது முட்டியைப் பற்றிய கேள்வி இல்லை. ஒன்றை வாங்கினால் உன் கை இருந்த இடம் போகும். இன்னொன்றை வாங்கினால் உனக்குக் கொடுத்த வாக்கு போகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது ஆட்டோமேட்டிக். சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் குறுக்கே ஒரு மாடு வந்தது. பழக்கதோஷம், இடது கால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்தப் பெண் பெல்ட்டில் தொங்கினாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார். அவள் பாவம், கோபப்படவில்லை. "மேடம், இந்த வண்டியில லெஃப்ட் காலுக்கு வேலையே இல்ல. அத மடக்கி ஓரமா வெச்சுக்குங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "என் எடது காலு பொறந்ததுலேர்ந்து வேலைக்கே போனதில்ல, பென்ஷன் மட்டும் வாங்கிகினு கீது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் ஆயிற்றே நீ. அப்புறம் சிரிக்க முடியவில்லை. ஓரங்கட்டி, தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லி நிறுத்தினேன்.

நாம் இரண்டு பேரும் திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு ஆபீஸுக்குப் போய்வந்த காலம் கண்முன்னால் வந்து நின்றது. போலியோ வந்த காலில் இரும்புச் சட்டம் வைத்த ஷூவோடு நீ பஸ் படி ஏறுவதைப் பார்த்துத்தான், வண்டி வாங்கியதும் உன்னை ஏற்றிக்கொண்டேன் என்று ஊரெல்லாம் நினைத்தது. உண்மை என்னவென்றால், எனக்குத் தனியாக ஓட்டப் பயம். குடும்பத்தோடு போனால் என் வீட்டுக்காரர் ஓட்டுவார். ஆபீஸுக்கு நான்தான் ஓட்டியாக வேண்டும். கியர் மாற்றும்போதெல்லாம் குனிந்து அந்தக் கம்பியைப் பார்ப்பேன். பார்க்கிற நேரத்தில் வண்டி ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் ஆட்டு மந்தைக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஆடுகள் பிழைத்தன. மேய்த்த அம்மாள் நம்மைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய். "நீ ரோட்டப் பாரு. இந்தக் கம்பிய நான் பாத்துக்கறேன்." இடது சீட்டில் இருந்தபடி வலது கையைக் கியர் மேல் வைத்தாய். வைத்த கையை அதற்கப்புறம் நீ எடுக்கவே இல்லை.

நான் கிளட்ச்சை மிதித்து "ம்" என்பேன். நீ மாற்றுவாய். கொஞ்ச நாளில் இஞ்சின் சத்தத்தை வைத்தே உனக்குத் தெரிந்துபோனது. நான் மிதிப்பதற்கும் நீ தள்ளுவதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே மாற்றுவாய், கடலை கொறித்துக்கொண்டே மாற்றுவாய், வேகத்தடையில் நான் மிதித்து முடிப்பதற்குள் நீ இரண்டாவது கியருக்கு வந்திருப்பாய். ஆனாலும் அந்த "ம்" என்பதை நான் விடவில்லை. ஒரு முறை பின்சீட்டில் வந்த என் வீட்டுக்காரர் இந்தக் கூத்தை வழியெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஊர்ல எவன்கிட்டயும் ஆட்டோமேட்டிக் வண்டி இல்ல, உங்கிட்டதான் இருக்கு" என்றார். நீ வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சண்டையும் போட்டிருக்கிறோம். ஆபீஸில் மாடிப் பிரிவிலிருந்து உன்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி, உன்னைக் கேட்காமலே நான் அதிகாரியிடம் பேசிவிட்டேன். அன்று சாயங்காலம் வண்டியில் ஏறியதும், "உன்ன யாருடி கேட்டா? படி ஏற முடியலன்னு நான் சொன்னனா? எனுக்கு இன்னா வேணும்னு எனுக்குத் தெரியாது?" என்றாய். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாய். நான் "ம்" என்பேன், கை மட்டும் மாற்றும். வெள்ளிக்கிழமை வண்டியைக் கிளப்பி "ம்" என்றதும், "சும்மா ம்மு ம்முன்னு... வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாய். சண்டை தீர்ந்தது. பாதி வழியில் நிறுத்தி டீ குடித்தோம்.

அதனால்தான் இரண்டாவது வண்டி வாங்கும்போது உன்னைக் கேட்டே முடிவு செய்யலாம் என்று இருந்தேன். ஆட்டோமேட்டிக்குக்கு வலது கால் ஒன்று போதும், அதை வாங்கினால் நீயே ஓட்டலாம் என்று சொன்னேன். நீ கியர் கம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாய். அப்புறம் சிரித்தாய். "அத்த வாங்கினா என் வேல பூடும்டி. அப்பறம் எனுக்கு இந்த வண்டில இன்னா வேல?" என்றாய். எனக்காக வாங்காதே என்றும் சொன்னாய். நானும் கியர் வண்டியையே எடுத்தேன். நீ கேட்டதைச் செய்தேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

கொஞ்ச காலம் கழித்து என் தம்பி தன் ஆட்டோமேட்டிக் வண்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வெளியூர் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் சர்ச் முடிந்ததும், மாமல்லபுரம் தாண்டிச் சாப்பிடப் போகலாம் என்று உன்னை ஏற்றிக்கொண்டேன். சவுக்குத் தோப்புக்குள் பிரிந்து கடலைப் பார்த்துப் போகிற அந்த ஆளில்லாத ரோட்டில் நிறுத்தி, இறங்கி, உன் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "போ, அந்தப் பக்கம் ஏறு" என்றேன்.

"லைசென்ஸு?"

"மீன் காயவைக்கிற அம்மாவா வந்து கேக்கப் போகுது? பிடிக்கலைன்னா இறங்கிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நீ கதவைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாய். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாய். அதை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஸ்டீயரிங்கைச் சாமி தேர் வடம் மாதிரி இறுக்கிப் பிடித்தாய். உன் சாமியையும் கூப்பிட்டாய், என் சாமியையும் கூப்பிட்டாய். வண்டி நகர்ந்தது.

நடக்கிற வேகம்தான். ஆனால் ஓட்டியது நீ. சவுக்கு மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வாயே மூடாத நீ. ரோடு முடிந்து மணல் வந்த இடத்தில், படகுகளைக் கரையேற்றி வைத்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தானே பிரேக்கை மிதித்து நிறுத்தினாய். எதிரே கடல். உன் கன்னமெல்லாம் ஈரம்.

"இத்தினி நாளா இன்னாத்துக்குடி எனுக்கு இத்தக் காட்டல?" என்றாய்.

"வாங்கலாம்னு சொன்னேனேடி. நீதானே வேணாம்னே."

"நான் வேணான்னா வுட்டுடுவியா? எனுக்கு பயம்டி. பயத்துல சொன்னேன்."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ அதிகாரமாகச் சொன்னாய். "அடுத்த வண்டி ஆட்டோமேட்டிக்கு வாங்கு. நான் லைசென்ஸு எடுக்கறேன். நான் ஓட்டறேன், நீ குந்திகினு வா." வாங்குகிறேன் என்றேன். திரும்பி வரும்போது வறுத்த மீன் கடையில் உனக்கு வாங்கிய துண்டைப் பிய்த்து எனக்கு நீட்டினாய். நான் சைவம் என்பதே மறந்துபோகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாய் அன்றைக்கு.

அதற்கு அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை நீ. நெஞ்சு வலிக்கிறது என்று லீவு சொன்னாய். மறுநாள் காலை உன் மகன் போன் செய்தான். ஆபீஸுக்கு உன்னை ஏற்றிப்போன அதே ரோட்டில், உன்னை ஏற்றாமல் உன் அடக்கத்துக்குப் போனேன். அன்றைக்கும் உன் தெரு முனையில் கிளட்ச்சை மிதித்து "ம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கியர் மாறவில்லை. காலை எடுத்ததும் வண்டி முனகி நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அன்றிலிருந்து நானேதான் கியர் போடுகிறேன். இப்போதெல்லாம் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் கம்பி மேல் கை வைக்கும்போது, முதலில் அங்கே இருந்த உன் கை நினைவுக்கு வராமல் ஒரு நாளும் போனதில்லை. இந்த வண்டியையும் கொடுத்துவிட்டு, கம்பிக்கு வேலையில்லாத வண்டியில் ஏறினால் அதுவும் போய்விடுமே என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இன்று தண்ணீரைக் குடித்துவிட்டு, "போகலாம்மா" என்றேன். இடது காலை மடக்கி ஓரமாக வைத்தேன், நீ வைத்த மாதிரி. பெரிய ரோட்டில் ஏறினோம். லாரி ஒன்று விலகி வழி கிடைத்தது. வலது காலை அழுத்தினேன். இஞ்சின் சத்தம் ஏறியது. எந்த இடத்தில் நாம் மாற்றுவோமோ அந்த இடம் வரைக்கும் ஏறியது. கால் அடங்கிக் கிடந்தது. வாய் அடங்கவில்லை.

"ம்" என்றேன்.

கியர் மாறியது.

என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. நீ மாற்றினால் இரைச்சல் அடங்கி வண்டி லேசாகுமே, அப்படியே லேசாகிப் போனது. "என்ன மேடம் சொன்னீங்க?" என்றாள் அந்தப் பெண். "உன்ன இல்லம்மா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வண்டியே இருக்கட்டும்" என்றேன்.

வண்டி கைக்கு வந்ததும் முதலில் மாமல்லபுரம் தாண்டி அந்தச் சவுக்குத் தோப்பு ரோட்டுக்குத்தான் எடுத்துப்போகப் போகிறேன். மணல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இறங்கிச் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். குந்திகினு வா என்றுதானே சொன்னாய். கண்ணாடியை இறக்கியே வைக்கிறேன். புது வண்டி நெடி உனக்கு ஆகாது.