ஆறு கால் நண்டு

பாய், நம் நண்டுப் படக்கதை புத்தகமாகிவிட்டது. மடியில் வைத்திருக்கிறேன். பிரித்ததும், உங்கள் சட்டையில் எப்போதும் அடிக்குமே, அந்த அச்சு மை வாசனை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உங்கள் மகள்தான்.

மன்னார்குடியில் உங்கள் அச்சுக்கடைக்கு முதல் தாளைக் கொண்டுவந்த நாள். நடவு முடிந்து, காலில் சேறு காயாமல் வந்தேன். வரப்பைத் துளைத்து வயல் தண்ணீரையெல்லாம் வடியவிட்ட நண்டின் கதை. கட்டம் கட்டமாக வரைந்துவிட்டேன். நண்டு பேசுவதை எழுதத்தான் எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு குழி நிலமில்லாத என்னை "வாங்க மிராசு" என்று கேலியாகக் கூப்பிட்டுத் தாளை வாங்கினீர்கள்.

"என்ன மிராசு இது? தண்ணி வடிஞ்ச பின்னாடி நண்டு ஓட்டை போடுது?"

முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் போட்டவன், அடுத்த வரிசையை அந்த முனையிலேயே தொடங்கி வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தேன்.

"எதிர்வரப்பு வரைக்கும் விதை தெளிச்சவன், வெறுங்கையோட இந்தக் கரைக்கு ஓடியாந்தா மறுபடி தெளிப்பான்? அங்கேருந்தே தெளிச்சுக்கிட்டுத் திரும்புவான், பாய்."

மூக்குக்கண்ணாடி நழுவும்படி சிரித்தீர்கள். "நாங்க ஓதுறது வலத்தேருந்து. தமிழ் இடத்தேருந்து. நீங்க ரெண்டையும் ஒரே தாள்ல நட்டுட்டீங்களே! மாத்தாதீங்க. படிக்கிறவனும் நம்ம வயல்ல நடக்கட்டும். நான் அச்சுல போடுறேன்."

நான் வரைய வரைய நீங்கள் பேச்சை எழுதினீர்கள். கடைசித் தாளையும் எழுதி முடித்தீர்கள். அச்சில் ஏற்றுவதற்குள் மூச்சிரைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கடை மகள் கைக்கு வந்தது. வரிசை திரும்பும் விதத்தை நான் சொல்லக் கேட்டவள், "மாமா, இப்படியே போட்டா யாருக்கும் புரியாது. கட்டத்தையெல்லாம் நேராக்கிடுறேன்" என்றாள். படித்த பிள்ளை. "சரி தாயி" என்றேன். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவளே கூப்பிட்டனுப்பினாள். உங்கள் அலமாரியிலிருந்து தாள்களை எடுத்துப் பரப்பியிருந்தாள். "இந்தக் குட்டி நண்டெல்லாம் நீங்க வரைஞ்சதா மாமா?"

நான் வரையவில்லை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் பென்சிலில் ஒரு நண்டு, இப்படித் திரும்பு என்று கொடுக்கை நீட்டிக்கொண்டு. அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு போடத் தெரியாத நீங்கள் வரைந்தது. கொடுக்கு போக, எதற்கும் ஆறு காலுக்கு மேல் இல்லை.

"அத்தா வழி காட்டிட்டுத்தான் போயிருக்காங்க. நான் மாத்தல மாமா." கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "காலு மட்டும் ரெண்டு சேர்த்துடவா?"

"தொடாதே தாயி."

அப்படியே அச்சாகியிருக்கிறது, பாய். வாய்க்கால் கரையில் நண்டைக் கண்டால் இப்போது நின்று காலை எண்ணுகிறேன். எட்டுத்தான் இருக்கிறது. எனக்கு ரெண்டு கூடுதலாகத் தெரிகிறது.