பெட்டியில் மிஞ்சிய ஐந்து சாமான்கள்

3.6.67, சனி

குழந்தைவேலு ஆசாரி இன்றும் வரவில்லை. "வெள்ளிக்கிழமை கண்டிப்பா வாரேன்மா" என்று அவர் சொல்லி ஏழு வெள்ளிக்கிழமை ஓடிவிட்டது. எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

யூனியன் ஆபீஸில் பெண்கள் வகுப்புகளைக் கவனிக்கிற முக்கிய சேவிகா புஷ்பவள்ளி அம்மா இரண்டு மாதம் முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். என் தையல் வகுப்புக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் ஆறு பெண்கள் உட்கார ஆறு இருக்கை வேண்டும். பாயில் உட்கார வைத்தால் அது வகுப்பு ஆகாதாம். செப்டம்பர் 2 வந்து பார்ப்பார். கிடைத்தால் ஆறு பேருக்கும் சான்றிதழ், எனக்கு இன்னும் இரண்டு மெஷின். கிடைக்காவிட்டால் நான் மானகிரியில் ஜாக்கெட் தைக்கிற நபீஸா, அவ்வளவுதான்.

"எம் மகன் பினாங்குல இருந்து வரட்டும், இந்தக் கூத்தையெல்லாம் நிப்பாட்டச் சொல்லிருவான்" என்றார் மாமி. என்னைக் கட்டிய மச்சான் அப்படிச் சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார்தானே?

10.6.67, சனி

மச்சானிடமிருந்து கடிதம். அங்கே அவரோடு இருக்கிற அப்துல் சுபஹான் அண்ணன் அடுத்த மாதம் கப்பலில் ஊருக்கு வருகிறாராம், என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் நைலான் சேலை, சென்ட் என்று எழுதுவார்கள். நான் ஆசாரி சாமான் எழுதப் போகிறேன். ஆறு இருக்கைதானே? நானே செய்தால் என்ன? குழந்தைவேலு ஆசாரி நம் வீட்டு அலமாரியைப் பத்தொன்பது நாள் செய்தார். செய்ததை விட வெற்றிலை போட்டதுதான் அதிகம் என்றாலும், பையிலிருந்து எதை எடுத்தார், எதை எடுக்கவே இல்லை என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பையில் முப்பது சாமான் இருந்தது. கை போனது ஐந்தாறுக்குத்தான்.

ரம்பம், அரை அங்குல உளி, சுத்தியல், கோணல் பார்க்க மூலைமட்டம், பலகையை வழுவழுப்பாக்க இழைப்புளி. ஐந்தே ஐந்து.

காரைக்குடியில் ரம்பம் கிடைக்காதா என்றால், கிடைக்கும். நான் கடையில் காலை வைத்தால் சேதி எனக்கு முன்னால் மாமியிடம் வந்து சேர்ந்துவிடும்.

18.7.67, செவ்வாய்

அழுகிறதா சிரிக்கிறதா தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சுபஹான் அண்ணன் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். இரண்டு ஆள் தூக்குகிற கனம். கப்பல் பெட்டி திறக்கிறார்கள் என்றால் சொந்தமெல்லாம் வந்து சுற்றி உட்காருவதும், ஆளுக்கு ஒன்று கையில் வாங்கிக்கொண்டு போவதும் வழக்கம். நாத்தனார் சுலைகா பிள்ளைகளோடு வந்தாள். மாமியின் கொழுந்தன் சாச்சா வந்தார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மாமி நல்ல சேலை உடுத்தி, எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து, பெட்டியைத் திறந்தார்.

ரம்பம். அதன் கீழே இன்னொரு ரம்பம். அதன் கீழே இன்னும் சின்ன ரம்பம்.

மச்சானின் கடிதம் மேலேயே இருந்தது. "நீ கேட்டது அஞ்சு. புதுசா ஆரம்பிக்கிறவளுக்கு எது வேணும், எது வேணாம்னு எனக்கு என்ன தெரியும்? கடைக்காரனிடம் எல்லாத்தையும் கட்டச் சொல்லிட்டேன். கனம் ஏறிப்போச்சு, சேலை வைக்க இடமில்லை." மொத்தம் இருபத்துமூன்று சாமான், இரண்டு தைலப் புட்டி.

மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் மாமி மாமிதான். "பெட்டி தொறந்த வீட்டுல இருந்து யாரும் வெறுங்கையோட போகக் கூடாது" என்று சொல்லி, சாமான்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்! பளபளப்பாக இருந்த இழைப்புளி சுலைகாவுக்கு. நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஓடுகிற நீர்க்குமிழும் உள்ள மட்டப்பலகை சாச்சாவுக்கு. துளை போடுகிற கருவி, திருப்புளி, குறடு, அரம் எல்லாம் படியிறங்கிப் போயின. வாங்கியவர்களும் சென்ட் புட்டி வாங்குகிற மாதிரியே சலாம் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

யாருக்கும் வேண்டாமென்று பெட்டியில் மிஞ்சியவை: பெரிய ரம்பம், ஒரு உளி, சுத்தியல், மூலைமட்டம், ஒரு சாணைக்கல். "கல்லைப் போயி கப்பல்ல ஏத்தி அனுப்பிருக்கான் பாரு" என்று சுலைகா அதைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

19.7.67

மாமி என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சோற்றுக்கு மட்டும் வாய் திறந்தது.

23.7.67, ஞாயிறு

காரைக்குடி பழைய மரக்கடையிலிருந்து, ஏதோ வீட்டைப் பிரித்த தேக்குப் பலகையும் சட்டங்களும் வண்டியில் வந்தன. துப்பட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். அறுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். மரத்துக்குள்ளே பழைய ஆணி! ரம்பத்தில் இரண்டு பல் போச்சு. இனி தடவிப் பார்க்காமல் அறுக்க மாட்டேன்.

உளி அதற்கு மேல். புத்தம் புது உளி, மரத்தில் வைத்தால் வழுக்குகிறது. ஓங்கி அடித்தேன். மரம் வெட்டுப்படவில்லை, கட்டைவிரல் வீங்கியது. பினாங்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது என் விரலை நசுக்கத்தானா? வேண்டாம், எல்லாம் வேண்டாம், விட்டுவிடலாமா?

24.7.67

விடவில்லை. அருவாமனையே தீட்டாவிட்டால் வெங்காயம் நறுக்காது. புது உளி மட்டும் தீட்டாமல் எப்படி வெட்டும்? காலையில் சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். தேக்கு இப்போது பனங்கிழங்கு மாதிரி சீவிக்கொண்டு வருகிறது. நான் எழுதிய ஐந்தில் இந்தக் கல் இல்லை. எழுதியிருக்க வேண்டும், அதுவும் முதலாவதாக.

30.7.67, ஞாயிறு

முதல் ஸ்டூல் முடிந்தது. ஆடியது. ஆடிய காலைக் கொஞ்சம் அறுத்தேன். அடுத்த கால் ஆடியது. அதையும் அறுத்தேன். இப்படியே போய், இப்போது கோழி உட்காரத் தோதான உயரத்தில் நிற்கிறது. சன்னலில் இருந்து மாமி சிரித்த சத்தம் கேட்டது. பன்னிரண்டு நாளில் முதல் சத்தம். கோபம் வந்தாலும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

31.7.67

அடுப்புக்கு மூன்று குமிழ்தானே! சட்டி ஆடுகிறதா? நாலு கால் எதற்கு எனக்கு? முக்காலி செய்துவிட்டுப் போகிறேன். மூன்று கால் என்றால் எந்தத் தரையிலும் நிற்கும்.

6.8.67, ஞாயிறு

முக்காலி இரண்டு ஆயிற்று. ஆடவில்லை, ஆனால் பலகை சொரசொரவென்று இருக்கிறது. உட்கார்ந்தால் சேலையைப் பிடித்து இழுக்கும். இழைப்புளியை ஒரு வாரம் இரவல் கேட்கலாம் என்று சுலைகா வீட்டுக்குப் போனேன். அது கண்ணாடி அலமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் வீற்றிருக்கிறது.

"எங்க அண்ணன் ஆசையா அனுப்புன சாமான் மதினி. இதைப் போயி மரத்துல தேய்க்கிறதா?"

நல்லாயிரு தாயி என்று திரும்பி வந்தேன். வழியில் சாச்சா. மட்டப்பலகையோடு வீடு வீடாகப் போய்த் தரையில் வைத்துப் பார்க்கிறாராம். "ஒங்க வீட்டுத் தரை மேக்கால சாஞ்சிருக்கு நபீஸா, தெரியுமா?" தெரியாமல் இந்த வீடு நாற்பது வருஷம் நன்றாகத்தான் இருந்தது.

8.8.67

உடைந்த லாந்தர் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துப் பலகையில் இழுத்தேன். சுருள் சுருளாக வருகிறது! பலகை வழுவழு. இழைப்புளி அலமாரியிலேயே நீடூழி வாழட்டும்.

20.8.67, ஞாயிறு

ஐந்து முடிந்தது. குழந்தைவேலு ஆசாரி ஒருவழியாக வந்தார். கொல்லையில் இருந்த முக்காலியைத் திருப்பிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், எழுந்து இன்னொரு தரம் உட்கார்ந்தார்.

"யாருமா செஞ்சது? காலு போற துளை கொஞ்சம் அகலம். ஆனா ஆப்பு வெச்சு இறுக்கியிருக்கீக, தப்பில்ல." பிறகு உளியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "அந்தக் கல்லை ரெண்டு நாளைக்குக் கொடுக்கீகளா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார். கல்லைக் கொடுத்தனுப்பினேன்.

27.8.67, ஞாயிறு

ஆறு! வகுப்பு அறையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரமும் சரியாகத் தீர்ந்தது.

29.8.67, செவ்வாய்

காலையில் எண்ணினால் ஐந்து. தேடிக்கொண்டு மாமி அறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து மாமி தொழுதுகொண்டிருந்தார்.

முழங்கால் மடங்காமல் ஒரு வருஷமாகத் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துதான் தொழுகிறார். அது டமடமவென்று சத்தம் போடும், விளிம்பு தொடையில் வெட்டும். இதே வீட்டில்தான் இருக்கிறேன், கொல்லையில் ஆறு இருக்கை செய்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே? வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்க மாட்டேன்.

1.9.67, வெள்ளி

மரக்கடை மூடியிருக்கிறது, கடைக்காரர் வீட்டில் கல்யாணமாம். நாளைக்கு ஐந்துதான். அந்தக் கோழி ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறேன். அல்லா விட்ட வழி.

2.9.67, சனி

புஷ்பவள்ளி அம்மா பத்து மணிக்கு வந்தார். மெஷினைப் பார்த்தார், பிள்ளைகள் தைத்த பாவாடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எல்லாம் திருப்தி. பிறகு இருக்கைகளை எண்ணினார். கோழி ஸ்டூலில் குத்தவைத்திருந்த ஆறாவது பெண் கருப்பம்மாள். அவள் முகவாயும் முழங்காலும் ஒன்றாக இருந்தன. அம்மாவின் பேனா நின்றது.

"அஞ்சுதான இருக்கு நபீஸா? ஆறுன்னு நான் சொன்னேனே."

மூன்று மாசம், விரல், ரம்பத்துப் பல், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து மாமி வந்தார். ஒரு கை சுவரில், ஒரு கையில் முக்காலி. விந்தி விந்தி வந்து அதைக் கருப்பம்மாள் முன்னால் வைத்தார்.

"இதையும் எண்ணிக்கிடுங்கம்மா. எம் மருமக செஞ்சதுதான். நான் இரவல் எடுத்துட்டுப் போயிருந்தேன்." பேனா ஆறு என்று எழுதும்வரை அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால கொண்டாந்து போட்டுரு புள்ளே" என்றார்.

கொண்டுபோய்ப் போட்டேன். மாமி உட்கார ஒரு கை பிடித்தேன்.

14.10.67, சனி

அங்கீகாரக் கடிதம் வந்துவிட்டது. மெஷின் அடுத்த மாதம்.

மச்சானின் கடிதமும் வந்தது. அடுத்த கப்பலில் இன்னொரு ஆள் வருகிறாராம், என்ன வேண்டும் என்று கேட்கிறார். மாமி தன் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சுலைகாவுக்குச் சேலை, சாச்சாவுக்குச் சட்டைத் துணி, எல்லாருக்கும் சென்ட்.

"எழுதிட்டியா? கடைசியா எழுது, இழைப்புளி ஒண்ணு."

"அதுவும் சுலைகாவுக்குப் போன மாதிரி போயிட்டா, மாமி?"

"பெட்டியைத் தொறக்கப் போறது நான்தான? மொதல்ல அதை எடுத்து எம் முந்தானைக்குள்ள வெச்சிருவேன்."