அக்காவின் விரலுக்கு ஒரு ட்ரிகர்

திங்கள்

அன்புள்ள அக்கா,

துப்பாக்கி சுடும் முகாமில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாமே. கிளப் வண்டி டிரைவர் அண்ணனிடம் உன் பாயிண்ட் டூ டூ ரைஃபிளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முடித்துவிட்டேன் அக்கா! ட்ரிகரை இழுத்தால் மணலை மெல்வது போல நறநறக்கிறது என்றாயே, உள்ளே பழைய கிரீஸ் பிசினாக இறுகிக் கிடந்தது. கழுவி, உரசும் இடத்தை மெருகேற்றினேன். இப்போது முதலில் பஞ்சு போல வரும். ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே லேசாக அழுத்தினால் ஈர்க்குச்சி ஒடிவது போல 'டிக்'! குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டை ஓங்கி அடைத்தும் பார்த்தேன், ட்ரிகர் தானாக விடுபடவில்லை. நம் பட்டறையில் அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் நீ அணிக்குள் போகிறாய், பார்!

உன் தங்கை

புதன்

என் வாயில்லாப் பூச்சிக்கு,

'டிக்' என்றதும் சிரித்தேவிட்டேன், அவ்வளவு சுகம். ஆனால் ஒரு குண்டும் நடுவில் விழவில்லை. எல்லாம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. ட்ரிகர் கிட்டத்தில் இருப்பதால் விரலை மடக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. கோச், "என்னம்மா, பக்கத்து ஆளுக்கும் சேத்து சுடுறியா?" என்கிறார். யார் விரலுக்குடி வைத்தாய்? ஞாயிறும் இப்படிச் சுட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொஞ்சமே கோபமுள்ள அக்கா

வியாழன்

அக்கா,

என் விரலுக்கு. திட்டாதே. "கிளப்புல உங்கக்கா மாதிரி நீள விரல்காரி யாரையாச்சும் இழுத்துப் பாக்கச் சொல்லு"ன்னு அப்பா சொன்னார். கதவு வரை போனேன். உள்ளே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, எனக்கு வாகான இடத்திலேயே ட்ரிகரை வைத்துத் திருகாணியை இறுக்கிவிட்டேன். நீயே தளர்த்தி முன்னால் தள்ளிக்கொள்ளேன்.

தங்கை

வெள்ளி

அடியே,

நான் தொடமாட்டேன். அந்த 'டிக்' போய்விட்டால்? கோச்சும், "செஞ்ச கை வரட்டும்" என்கிறார். நாளைக் காலை வண்டியில் உனக்கு முன் சீட் சொல்லிவிட்டேன். இங்கே எல்லாரும் பேசுவார்கள். நீ பேச வேண்டாம். வந்தால் போதும்.

அக்கா

சனி

அக்கா,

மைதான வாசலில் நிற்கிறேன். உள்ளே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரைஃபிளை வெளியே எடுத்து வரச் சொல்லலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் நீ படுத்துக் குறி பார்க்கும்போதுதான் உன் விரல் எங்கே விழுகிறது என்று தெரியும். அதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அக்கா, இப்போதே!

நீ இதைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன். கொஞ்சம் நகர்ந்து படு.